எலி எலியிடம் ஏன் போகவில்லை

ஒரு எலி இன்னொரு எலியிடம் போய் மூக்கை நீட்டுகிறதா, இல்லையா என்று பார்ப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அதற்குப் பட்டமும் தருகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அந்தப் படிப்புக்கு நடுவில் நாலு வருஷம் இருந்தேன் என்றால் எங்கள் தெருவில் நம்ப ஆள் கிடையாது. நானும் யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காராமல், பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் நின்றுகொள்வேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றினவள் நான். இருமல் வந்து நிற்காமல் போனதும் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற வழியில் மருந்துப் படிப்புக் கல்லூரி ஒன்று இருந்தது. அதன் பின்கோடியில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். எல்லாரும் அதை எலி வீடு என்பார்கள். உள்ளே வரிசை வரிசையாகக் கூண்டுகள், கூண்டு நிறைய வெள்ளைச் சுண்டெலிகள். கூண்டு கழுவ, உமி மாற்ற, தண்ணீர்ப் புட்டி நிரப்ப ஒரு ஆள் வேண்டுமென்றார்கள். பேச வேண்டிய வேலையா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார்கள். சேர்ந்துவிட்டேன். இதெல்லாம் இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷத்துக்குள் நடந்தது.

அங்கே ஆராய்ச்சி செய்வதற்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். எல்லாரும் அவளை மேடம் என்றார்கள். நானும் வாயால் மேடம் என்றேன். மனசுக்குள் 'அந்தப் பிள்ளை' என்றுதான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். என்னை அவள் அக்கா என்பாள். அவள் அம்மாவைவிட எனக்கு வயசு கூட, ஆனாலும் அக்காதான்.

அவள் படிப்பு என்னவென்று முதல் மாசமே எனக்கு உட்கார்ந்து சொல்லிவிட்டாள். சில குழந்தைகள் இருக்கிறார்கள். அம்மா கூப்பிட்டாலும் திரும்பாது, மற்றப் பிள்ளைகளோடு சேராது, தனியாகவே இருக்கும். அது ஏன் அப்படி என்று மூளைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். குழந்தை மூளையைத் திறக்க முடியுமா? அதனால் எலி. தாய் எலி சினையாக இருக்கும்போது வலிப்பு நோய்க்குக் கொடுக்கிற ஒரு மருந்தை ஊசியில் போட்டால், பிறக்கிற குட்டிகளில் பலது மற்ற எலிகளோடு சேராமல் வளருமாம். ஊசி போட்ட தாயின் குட்டிகளையும், சாதாத் தாயின் குட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வேலை.

அதற்கு ஒரு பெட்டி. கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக்கில் மூன்று அறை. நடு அறையில் எலியை விட வேண்டும். இடது அறையில் கம்பிக் கூடையைக் கவிழ்த்து, உள்ளே அது பார்த்தே இராத இன்னொரு எலி. வலது அறையில் அதே மாதிரிக் கூடை, வெறுமையாக. சாதா எலி என்றால் இடது பக்கம் ஓடும், கம்பிக்குள் மூக்கை விட்டு முகரும், மீசையை ஆட்டும், போகும், திரும்ப வரும். கூடையே கதி என்று கிடக்கும். சேராத எலிக்கு இரண்டு கூடையும் ஒன்றுதான். எதிலும் ஆசை இருக்காது.

பத்து நிமிஷம் விட வேண்டும். ஆள் உள்ளே நின்றால் எலி ஆளைப் பார்க்கும். அதனால் நான் எலியை விட்டு, மேலே மாட்டியிருக்கிற கேமராவை அமுக்கிவிட்டு, கதவைச் சாத்தி வெளியே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். எது ஊசிக் குட்டி, எது சாதாக் குட்டி என்று எனக்குத் தெரியாது. வாலில் போட்ட பேனாக் கோட்டின் எண்ணிக்கைதான் தெரியும். தெரிந்தால் கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் அந்தப் பிள்ளை அதை எனக்குச் சொல்வதில்லை. கேசட்டை எடுத்துப்போய் முன் கட்டடத்தில் டிவியில் போட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தை அமுக்கி அமுக்கிக் கணக்கெடுப்பாள்.

வாசலில் வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் இருந்து வந்தவர். தினமும் என்னைப் பார்த்ததும் ஆரம்பிப்பார்.

"என்னம்மா, மாப்பிள்ளை இன்னைக்காவது பொண்ணப் பாத்தாரா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

"பேச மாட்டீகளே! எலியும் பேசாது, நீகளும் பேச மாட்டீக. அம்புட்டுப் பேரும் சேந்து என்னத்தத்தான் ஆராய்ச்சி பண்றீகளோ!"

ஆவணியில் சோதனையைத் தொடங்கினோம். புரட்டாசி பிறந்தும் ஒன்றும் சரியாக வரவில்லை. ஊசிக் குட்டி இடது பக்கம் போகவில்லை, அது சரி. சாதாக் குட்டியும் போகவில்லை. நடு அறையில் மூலையோடு மூலையாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது?

அந்தப் பிள்ளைக்கு மேலே ஒரு பெரிய சார். நல்ல மனிதர்தான், ஆனால் சத்தமே ஆகாது அவருக்கு. எலி வீட்டு வாசலில் 'அமைதி' என்று பெரிய எழுத்தில் போர்டு எழுதி மாட்டியவர் அவர்தான். ஒருநாள் கூண்டு வரிசைக்கு நடுவே நின்றுகொண்டு அவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"இந்தக் குட்டிகளே சரியில்லாத ஜாதிம்மா. தீபாவளி லீவுக்குள்ள ஒரு வித்தியாசமாவது காட்டு. இல்லேன்னா இம்புட்டையும் கழிச்சு விட்ருவோம். நீ வேற தலைப்பு எடுத்துக்க. ரெண்டு வருசம் போனது போனதுதான்."

அவள் சரிங்க சார் என்றாள். அவர் போனதும் உமி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் கல்யாணத்துக்கு நெருக்குகிறார்கள், இதை முடித்துவிட்டு என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தலைப்பு மாறினால் படிப்பே நின்றுபோகும். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்தேன்.

"அக்கா, எலி மூளை பாத்திருக்கீங்களா?" என்றாள் திடீரென்று.

சோதனை முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்துச் சில எலிகளை அவள் எடுத்துக்கொண்டு போவாள். அவை திரும்பி வராது. அந்த அறைக்குள் நான் போனதில்லை. கொண்டுபோகும்போது வால் கோட்டைப் பார்த்துக் குறித்துக்கொடுப்பேன், அவ்வளவுதான். அன்றைக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். மெல்லிசாகச் சீவின மூளை, கண்ணாடியில் ஒட்டியிருந்தது. கண்ணை வைத்தேன். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. அவள் திருகைத் திருப்ப, வெளிறின மஞ்சளில் ஒரு நிலம் விரிந்தது. அதில் அங்கங்கே கருப்பும் பழுப்புமாய்ப் புள்ளிகள். பலகாரத்தில் எள்ளு தூவின மாதிரி.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு உயிரணு அக்கா. மூளையில கோடிக்கணக்குல இருக்கும். அந்தப் பத்து நிமிசத்துல எது எது முழிச்சுக்கிட்டு வேலை பார்த்துச்சோ அது மட்டும் சாயம் புடிக்கும். பார்க்காதது வெறுமனே இருக்கும்."

எலி நினைத்த நினைப்பை இப்படிச் சாயம் போட்டுப் பிடிக்க முடியுமா! இன்னொரு தடவை கண்ணை வைத்தேன். எழுந்திருக்க மனசே வரவில்லை.

"இப்பப் பாருங்க" என்று கண்ணாடியை நகர்த்தினாள். "இது பயத்துக்கு வேலை பார்க்கிற இடம். மனுசனுக்குப் பாதாம்பருப்பு அளவு. இதுக்குக் கடுகை விடச் சின்னது. சாதாக் குட்டி இது. எவ்வளவு புள்ளி பார்த்தீங்களா? ஒரே பொங்கல்! இங்க புள்ளி இருந்தாலே பயந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லிட முடியாதுங்க்கா, வேறத்துக்கும் முழிக்கும். ஆனா மூலையில ஒட்டிக்கிட்டுக் கிடக்கிறதையும் இதையும் சேர்த்துப் பார்த்தா... இதுங்களை எதுவோ பயமுறுத்துது."

பூனை வருகிறதா என்று பார்த்தோம். பாம்பு என்று வாட்ச்மேன் சுவரோரம் புற்றை எல்லாம் இடித்தார். நான் தேய்த்துக் குளிக்கிற சோப்பை மாற்றினேன். பிறகு என் கைமேலேயே எனக்குச் சந்தேகம் வந்து, வெடிமருந்து வாசனை இருபது வருஷம் ஊறின கை என்று உரசி உரசிக் கழுவினேன். அவள் என் நோட்டை எடுத்துப் புரட்டினாள். தினமும் சோதனைக்கு நான் எழுதவேண்டிய நோட்டு அது. வால் கோடு, மணி, கூடை கழுவியாச்சா, கடைசிக் கட்டத்தில் 'தொந்தரவு ஏதாவது': ஆள் வந்தார்களா, சத்தம், வாசனை, கரண்ட் போனதா. ஆவணி முதல் அத்தனை பக்கத்திலும் என் கோணல் எழுத்தில் 'இல்லை', 'இல்லை', 'இல்லை'.

"எதுவுமே இல்லீங்களா அக்கா?"

"ஒண்ணுமே இல்ல மேடம். ஈ காக்கா அண்டல."

பொய் சொல்லவில்லை. மனசறிந்து சொன்னேன்.

அதற்கப்புறம் இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சடசடவென்று கொட்டியது. உமி காயவில்லையே என்ற கவலை எனக்கு. அந்த இரண்டு நாளும் சில எலிகள் இடது அறைக்கு ஓடின! கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தன. கேசட்டைப் பார்த்துவிட்டு அவள் ஓட்டமாக ஓடிவந்தாள். எந்த எலிகள் என்று அவளிடமிருந்த பட்டியலைப் பார்த்தால் அத்தனையும் சாதாக் குட்டி. பெரிய சார் தலையாட்டவில்லை.

"ரெண்டு நாள் வந்தா அது அதிர்ஷ்டம்மா. ஏன் வந்துச்சுன்னு சொல்லு."

ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. மழைக்கும் எலிக்கும் என்ன?

மூன்றாம் நாள் காலையில் பஸ்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி என்னோடு வந்தாள். நான் இருந்த கம்பெனியில்தான் இன்னும் வேலை பார்க்கிறாள். மழையில் வேலை ஓடவில்லை என்று வழிநெடுகப் புலம்பல். அவள் பேசுவாள், நான் உம் கொட்டுவேன். எங்கள் சிநேகிதம் அப்படி.

"சீசன் நேரத்துல இப்பிடி ஊத்துனா என்ன செய்ய மதினி? மருந்தும் காயல, குழாயும் காயல. லோடு ஏத்த லாரி நிக்குது. போர்மேனைப் பாக்கணுமே! மத்தியானம் ஆனா நாலு வெடியை எடுத்துட்டுப் போயி பொட்டல்ல வெடிச்சுப் பாக்காட்டி அந்தாளுக்குச் சோறு எறங்காது. ரெண்டு நாளா வெடிக்க முடியாம, பொண்டாட்டி கோவிச்சுட்டுப் போன மாதிரி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு."

பக்கத்து சீட்டுப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

ரெண்டு நாளா வெடிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு சரக்கிலும் சிலதை எடுத்து வெட்டவெளியில் வெடித்துப் பார்ப்பது வழக்கம். மத்தியானத்துக்கு மேல், பெரும்பாலும் சோற்று நேரம் முடிந்து. நான் தொட்டிலில் கிடந்த காலம் முதல் கேட்ட சத்தம் அது. எங்கள் ஊரில் சரம் வெடித்தால் தூங்குகிற குழந்தை புரண்டுகூடப் படுக்காது. பேசிக்கொண்டிருக்கிறவர்கள் பேச்சை நிறுத்தமாட்டார்கள். வெடி வெடிக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் மாட்டோம். வேளை கெட்ட வேளையில், கம்பெனி இருக்கிற திசையில் ஒரு சத்தம் கேட்டால் மட்டும் போட்டதைப் போட்டபடி எழுந்து நின்று எங்கே புகை என்று பார்ப்போம். மற்றது எதுவும் எங்கள் காதுக்குள் ஏறுவதில்லை. எலி வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு பொட்டல் தாண்டி, கம்பெனிகள். நாங்கள் சோதனை வைத்ததோ தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்.

'ஒண்ணுமே இல்ல மேடம்' என்று சொன்னவள் நான். ஆவணி முதல் எழுதினவளும் நான்.

கல்லூரி வாசலில் இறங்கினேன். கண்டுபிடித்துவிட்டேன் என்ற துள்ளலும், தப்பு என்னுடையது என்ற நடுக்கமும் ஒன்றாகச் சேர்ந்தால் மனுஷி என்ன ஆவாள்? முன் கட்டடத்துக் கதவு வரை போனேன், திரும்பினேன். திரும்பவும் போனேன். உள்ளே அவளோடு ஆராய்ச்சி செய்கிற இன்னும் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் எப்படி?

வாட்ச்மேன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"என்னம்மா, பெட்டிக்குள்ள விட்ட எலி மாதிரி அங்கனயும் இங்கனயும் போய்ட்டு வாரீக? போறதுன்னா போங்க, இல்லாட்டி மூலையில உக்காருங்க!"

சொன்னது கேலிதான். ஆனால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"மேடம், தொந்தரவு இருந்துச்சு" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. மூன்று பேரும் திரும்பினார்கள். "நாந்தான் இல்லன்னு எழுதிட்டேன். வெடி. மத்தியானத்துக்கு மேல வெடிச்சுப் பாப்பாக. மழையில வெடிக்கல. அந்த ரெண்டு நாளுந்தான் எலி போச்சு."

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "அய்யோ அக்கா!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "வந்த புதுசுல ஒவ்வொரு வெடிக்கும் நான் எந்திரிச்சு நின்னேனே! ஆஸ்டல்ல எல்லாரும் சிரிச்சாங்க. எப்ப இருந்து எனக்குக் கேக்காமப் போச்சு?"

"கேசட்டு" என்றேன். "கேசட்டுல சத்தம் இருக்குமா?"

எலி வீட்டு விசிறி ஓயாமல் இரைகிறதென்று அவள் எப்போதும் டிவியில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். மழைக்கு முந்தின ஒரு கேசட்டைத் தேடி எடுத்தாள். அவசரத்தில் அது இரண்டு தடவை உள்ளே போகாமல் வெளியே வந்தது. போட்டாள். சத்தத்தைக் கூட்டினாள்.

விசிறி இரைச்சல். எலி நடு அறையில் மூக்கைத் தூக்குகிறது. இடது வாசலுக்கு நகர்கிறது. முன்னங்கால் வாசற்படியில். அப்போது, தூரத்தில், டும். எலி அப்படியே தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. பிறகு பின்னாலேயே போய் மூலையில் முடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கியது. டும், டும்.

"ஐயோ, போகத்தான் பாக்குது" என்று நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன். "போகணும்னுதான் கெளம்புது!"

அவள் அடுத்த கேசட்டை எடுத்தாள், அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் வெடி. பின்பு மழை நாள் கேசட். கூரையில் மழை கொட்டுகிற இரைச்சலில் டிவியே அதிர்ந்தது. நின்றிருந்த இருவரில் ஒருவர் கேட்டார், மழையும் சத்தம்தானே, அதற்கு ஏன் பயப்படவில்லை என்று. அந்தப் பிள்ளை யோசித்துச் சொன்னாள்.

"மழை விடாமப் பெய்யுதுங்க. அது பழகிடும். இது எப்ப வரும்னு தெரியாது."

அன்றைக்கே முடிவாயிற்று. வெடிக்கிற வேளை வருமுன்னே சோதனையை முடித்துவிட வேண்டும். விடிகிற நேரம்தான் நல்லது. எலிகளை ஒரு வாரம் அந்த வேளைக்குப் பழக்கினோம். முதல் பஸ்ஸில் வந்து இறங்குவேன். வாட்ச்மேன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறப்பார். "மாப்பிள்ளைக்கு முகூர்த்தம் அதிகாலையிலயா? வெளங்கும்!" என்பார். நான் ஒருநாள் "பந்திக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டேன். மனிதர் திகைத்துப்போய் பூட்டைக் கீழே போட்டார்.

பெட்டிமேல் கேமராவுக்கும் பக்கத்து அறையில் ஒரு சின்ன டிவிக்கும் ஒயர் இழுத்து அப்போதைக்கப்போதே பார்க்கிற மாதிரி செய்துகொண்டோம். வெளியே விடியற்காலைக் குருவிகள் மட்டும். முதல் எலியை விட்டேன். வாலில் இரண்டு கோடு. நடுவில் நின்று முகர்ந்தது. வலது பக்கம் எட்டிப் பார்த்தது. திரும்பியது. இடது அறைக்குள் போயிற்று, நேரே கூடைக்கு. கம்பிக்கு வெளியே இது, உள்ளே அது, மூக்கோடு மூக்கு. அவள் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் டீ கொட்டிவிட்டது. அடுத்த எலியும் போயிற்று. அடுத்தது, நாலு கோடு, போகவில்லை. ஆனால் மூலையிலும் முடங்கவில்லை. ஏதோ சந்தைக்கு வந்த மாதிரி மூன்று அறையிலும் சாவகாசமாக நடந்தது. கூடைக்குள் இருந்த எலியையும் வெறுங்கூடையையும் ஒரே மாதிரி கடந்து போயிற்று. இப்படிக் கலந்து கலந்து வந்தன. எல்லாம் முடிந்து அவள் பட்டியலை விரித்தபோது, போனதில் அநேகமாக எல்லாம் சாதா, போகாததில் அநேகமாக எல்லாம் ஊசி.

மூளைச் சீவல் காய்ந்து சாயம் ஏற இன்னும் சில நாள் ஆயிற்று. அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே இல்லை. பரீட்சை எழுதினது நான் மாதிரி. சீவல் தயாரானதும் அவளே எலி வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிப் போனாள். முதலில் சாதாக் குட்டி. பயத்துக்கான இடத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி, அவ்வளவுதான். கண்ணாடியை நகர்த்தி, மற்றவர்களோடு பழகுவதற்கு வேலை பார்க்கிற இடம் என்று மூளையின் முன்பக்கத்தைக் காட்டினாள். அங்கே ஒரே திருவிழா. அடுத்து ஊசிக் குட்டி. பயத்தின் இடம், அமைதி. முன்பக்கமும், அமைதி.

"பார்த்தீங்களா அக்கா? இது பயந்து போகாம இருக்கல. அங்க ஒரு எலி இருக்குங்கிறது இதுக்கு உள்ள எதையும் எழுப்பல. முன்னால மழைக்கு முந்தி ரெண்டுமே ஒரே மாதிரி மூலையில கிடந்துச்சு. வெளியில பார்த்தா போகாத எலி, அவ்வளவுதான். உள்ள பார்த்தாத்தான் பயத்துல போகாதது வேற, தோணாமப் போகாதது வேற. எதனால இப்படின்னு இன்னும் எவ்வளவோ பார்க்கணும். ஆனா வித்தியாசம் இருக்குது!"

நான் கண்ணை எடுக்கவே இல்லை. கல்யாண வீடுகளெல்லாம் ஞாபகம் வந்தது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு, பந்தியில் யார் யார் என்ன பேசிச் சிரிக்கிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தவள் அல்லவா நான்! ஐம்பது வயசு வரைக்கும் எனக்கு மனுஷர்கள் பிடிக்காது என்று ஊரும் சொன்னது, நானும் நம்பினேன்.

"என் மூளையைச் சீவினா எங்கன புள்ளி இருக்கும் மேடம்?" என்று கேட்டேன்.

"எலியை வெச்சு மனுசங்களைச் சொல்லக்கூடாதுங்க்கா" என்றாள் சட்டென்று. அதுவும் சரிதான். ஆனால் எனக்குத் தெரியும், எங்கே என்று.

பெரிய சாரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். தாளைப் பார்த்தார், சீவலைப் பார்த்தார், கேசட்டைச் சத்தத்தோடு கேட்டார். நம்பாமலும் இல்லை, நம்பியும் விடவில்லை. "ஒரு எலியாவது போறத என் கண்ணால பாக்கணும். நாளைக்குக் காலைல வாரேன். அப்புறம் இதே தலைப்புக்குக் கையெழுத்து" என்றார். தீபாவளி லீவுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் இருட்டு பிரிகிற நேரத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாட்ச்மேன் சல்யூட் அடித்துவிட்டு அவருக்குப் பின்னாலேயே உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டார். அந்தச் சின்ன அறையில் நாலு பேர் ஒரு டிவியைச் சுற்றி. இத்தனை கிட்டத்தில் பெரிய சாரோடு நான் நின்றதே இல்லை. உள்ளே போய் எலியை விட்டேன். ஒரு கோடு போட்ட எலி, புதுசு, அதுவரை பெட்டியையே பார்க்காதது. சாதாவா ஊசியா என்று யாருக்கும் தெரியாது. பட்டியல் மடித்துச் சாரின் சட்டைப் பையில் இருந்தது. அந்தப் பிள்ளையின் கை என் முந்தானையைப் பிடித்திருந்தது.

எலி நடுவிலேயே நின்றது. காதைத் துடைத்தது. வயிற்றை நக்கியது. ஊர் வேலை எல்லாம் பார்த்தது. நிமிஷம் போய்க்கொண்டே இருந்தது. வலது அறைக்குள் போயிற்று. வெறுங்கூடையை ஒரு சுற்றுச் சுற்றியது. போச்சு என்று நினைத்தேன். வெளியே வந்தது. நடு அறை. இடது வாசல். வாசற்படியில் ஒரு கால் வைத்து நின்றது.

"போ!" என்றார் பெரிய சார்.

எலி காதை நிமிர்த்தியது.

"போடா ராசா, போ! இன்னும் ஒரு எட்டு! அந்தா இருக்கான் பாரு, போலே!" வண்டிப் பந்தயத்தில் மாட்டை விரட்டுகிற மாதிரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வாட்ச்மேனும் "அப்பிடித்தாம்லே!" என்று தொடையைத் தட்டினார். நடுவில் பலகைச் சுவர் ஒன்றுதான். எலியின் முன்னங்கால் படியிலிருந்து பின்வாங்குவது டிவியில் தெரிந்தது.

என்ன வந்ததோ எனக்கு. சாரின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"சார், வாயை மூடுங்க! அது போகும்!"

அறை கப்பென்று அடங்கியது. நான் அவர் சட்டைக் கையை விடாமலே நின்றேன். குருவிச் சத்தம் மட்டும். எலி மூக்கைத் தூக்கியது. இன்னொரு தடவை தூக்கியது. படியைத் தாண்டி, கூடையை நோக்கி ஓட்டமாக ஓடியது. கம்பிக்குள் மூக்கை விட்டது. உள்ளே இருந்ததும் எழுந்து வந்து முகர்ந்தது. பத்து நிமிஷம் முடிகிற மட்டும் அது அந்த இடத்தை விட்டு அசையவில்லை, நாங்களும் அசையவில்லை.

பெரிய சார் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். ஒரு கோட்டுக்கு நேரே பார்த்தார்.

"சாதா" என்றார், எலிக்குக்கூடக் கேட்காத குரலில். பிறகு அந்தத் தாளின் அடியிலேயே பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.